புதுப்பிப்பு: மிட்சுபிஷி 4ஜி63 டர்போ எஞ்சின், பிஸ்டன் ரிங் இடைவெளித் திருத்தம்

போன பதிவில் 85.5 மி.மீ. ஃபோர்ஜ்ட் (அடித்து வார்த்த) பிஸ்டனின் முதல் ரிங்குக்கு, அதாவது மேல் ரிங்குக்கு, இரு முனைகளுக்கிடையே 0.30 மி.மீ. இடைவெளி போதும் என்று போட்டிருந்தேன். டர்போ தரும் காற்றழுத்தம் (பூஸ்ட்) 1.5 பார் என்றால் அது பத்தாது. சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டும்; பிறகு சிலிண்டர் கீறும், பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள விளிம்பே பெயர்ந்து வரும்.

போர் அளவை (சிலிண்டர் விட்டம், இங்கே 85.5) 0.0055ஆல் பெருக்குங்கள்: மேல் ரிங்குக்கு 0.47 மி.மீ. இரண்டாவது ரிங்குக்கு 0.05 மி.மீ. கூடுதல், இரு ரிங்குக்கும் இடையில் சிக்கும் அழுத்தம் மேல் ரிங்கைத் தூக்காமலிருக்க. பிஸ்டன் பெட்டியிலுள்ள தாள் வேறு அளவு சொன்னால் அதையே பிடியுங்கள்.

ரிங்கை அதற்குரிய சிலிண்டரில் 25 மி.மீ. இறக்கி, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கிய பிறகே ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளங்கள். இடைவெளி குறைவென்றால், ஒரு முனையை மட்டும், வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ராவுங்கள். திருப்பி ராவினால் சிலிண்டரில் உரசும் முகத்துப் பூச்சு உதிரும். பிசிறை எண்ணெய்க் கல்லில் தேயுங்கள். இடைவெளி கொஞ்சம் கூடினால் ஆபத்தில்லை, குறைந்தால்தான் செலவு.

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் போரிங்குக்கு (சிலிண்டரைக் குடைய) கொடுப்பவர்கள், டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதில் இறுக்கும் தடித்த தகடு) பூட்டி ஹோன் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குதல்) செய்வார்களா என்று பட்டறையில் முதலில் கேளுங்கள். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டை இறுக்கினால் சிலிண்டரின் வட்டம் கோணும். பிளேட் இல்லாமல் எடுத்த அளவு வீண்.

போன பதிவில் சொன்ன பேரிங் இடைவெளி, பேலன்ஸ் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) நீக்கம் இரண்டிலும் மாற்றமில்லை.