ஆட்டோஸ்டாப்னா ஆட்டோ ஸ்டாண்டு இல்ல: இதுக்கு ஒரு கலைச்சொல் வேணும்

கலைச்சொல் குழுவுல எல்லாருக்கும் வணக்கம்,

ரஷ்ய மொழியிலேர்ந்து ஒரு கட்டுரை தமிழ்ல கொண்டுவந்துட்டு இருக்கேன், தலைப்பிலேயே மாட்டிக்கிட்டேன். விஷயம் என்னன்னா, ரோட்டோரம் நின்னு கை காட்டி, வர்ற வண்டியில ஏறி ஊர் போறது இருக்கு பாருங்க, நாம லிஃப்ட் கேக்குறதுன்னு சொல்றது, அதை ரஷ்யாவுல முறையான போட்டியா நடத்துறாங்க. கிளப் இருக்கு, விதி இருக்கு, நேரம் எழுதி வைக்கிறாங்க. பீட்டர்ஸ்பர்க்ல அலெக்சேய் வோரவ்ங்கிறவர் உருவாக்கின லீக் ஒண்ணு இருக்கு, இதை விளையாட்டாவே வளர்த்தது அவங்கதான். பெரும்பாலும் ரெண்டு ரெண்டு பேரா அணி, அதுலயும் ஒரு ஆண் ஒரு பெண்ங்கிறது ரொம்ப சாதாரணம். கிளம்புற இடம், முடியிற இடம், நடுவுல தொட்டுட்டுப் போகவேண்டிய இடம்னு வச்சு யாரு முதல்ல வர்றாங்கன்னு பாப்பாங்க, இல்லன்னா இத்தனை மணி நேரத்துல யாரு அதிக தூரம் போனாங்கன்னு பாப்பாங்க. காசு குடுத்து ஏறக்கூடாது, பஸ் ரயில் கூடாது.

ரஷ்யன்ல இதுக்குப் பேரு அவ்தோஸ்தோப், பிரெஞ்சுக்காரன் சொன்ன ஆட்டோஸ்டாப்தான். அப்படியே தமிழ்ல எழுதிடலாம்னு எழுதினேன், என் கூடப்பிறந்த தம்பி படிச்சுட்டு "என்னக்கா, ஆட்டோ ஸ்டாண்டுல போட்டி வைக்கிறாங்களா"ன்னு கேட்டான். நமக்கு ஆட்டோன்னா மூணு சக்கரம்தான், அதை மாத்த முடியாது. "லிஃப்ட் கேட்டல் போட்டி"ன்னு போட்டா மாடிக்குப் போற லிஃப்ட் ஞாபகம் வருது. உதவி பண்ணுங்க.

———

அம்மா, வணக்கம்.

"ஓசிப் பயணம்"னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன், அது வேண்டாம். ஓசின்னாலே ஒரு இளக்காரம் ஒட்டிக்கிட்டு வரும். கட்டைவிரல் பயணம்னு சிலபேர் எழுதிப் பாத்திருக்கேன், அது வெறும் மொழிபெயர்ப்பு, நம்மூர்ல யாரும் கட்டைவிரலைக் காட்டி வண்டி நிறுத்துறதில்லை. தொற்றிப் போறதுன்னு நல்ல பேச்சு வழக்கு இருந்துச்சு, கொரோனாவுக்கு அப்புறம் தொற்றுப்பயணம்னு எழுதினா சுகாதாரத் துறைதான் ஞாபகம் வரும்.

எனக்குப் பட்டது "வழித்துணைச் செலவு". செலவுன்னா பழைய தமிழ்ல போறது, பயணம்னு அர்த்தம், தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுறதுக்குச் செலவழுங்குதல்னு அகத்துறையே இருக்கு. ஓட்டுறவருக்குத் துணை, ஏறுறவருக்கு வழி. விரிஞ்சிபுரத்துச் சாமிக்கே வழித்துணைநாதர்னுதானே பேரு.

———

>> எனக்குப் பட்டது "வழித்துணைச் செலவு"

ஐயா, சொல் அழகா இருக்கு, ஆனா இன்னைக்கு செலவுன்னு எழுதினா பெட்ரோல் கணக்குன்னு நினைப்பாங்க, காசே குடுக்காம போற பயணத்துக்கு செலவுன்னு பேர் வச்சா நம்ம குழுவைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க :)

ஆனா "துணை"ன்னு நீங்க புடிச்ச இடம் ரொம்பச் சரி. 2010 வாக்குலதான் ரஷ்யாவோட கிழக்குல சித்தாங்கிற ஊர்லேர்ந்து ஹபரோவ்ஸ்க்ங்கிற ஊர் வரைக்கும் முழுசா தார் ரோடு வந்துச்சு, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அதுக்கு முன்னாடியும் விளாதிவஸ்தோக் துறைமுகத்துல இறங்குற பழைய ஜப்பான் கார்களை, வலது பக்கம் ஸ்டியரிங் இருக்கறதை, மேற்கால ஓட்டிக்கிட்டுப் போய் விக்கிறதே தொழிலா வச்சிருந்தாங்க ஆளுங்க. அந்த மாதிரி காருல ஏறுனா நாள்கணக்குல ஒரே வண்டி, ஒரே டிரைவர், அவருக்குத் தூக்கம் வராம பேசிக்கிட்டே வர்றதுதான் நம்ம டிக்கெட். அதனால இது இலவசமா வாங்குறதுன்னு அவங்க நினைக்கிறதே இல்ல.

போலந்துல 1958லேயே இதுக்கு அரசாங்க ஆசியோட ஒரு சின்னப் புத்தகம் குடுத்தாங்க, ஏறுறவன் அதுலேர்ந்து கிலோமீட்டர் கூப்பன் கிழிச்சு டிரைவர்கிட்ட குடுப்பான், டிரைவர் அதைச் சேத்து அனுப்புனா குலுக்கல்ல பரிசு. சோவியத்துலயும் 60கள்ல கூப்பன் முறை வச்சுப் பாத்தாங்க. அதனால இலவசம், ஓசி, இரவல், கேட்டல் இந்த நாலும் சொல்லுக்குள்ள வரக்கூடாதுங்கிறது என் கட்சி.

இன்னொண்ணு, மத்த மொழிக்காரங்க எப்படிப் பாத்திருக்காங்கன்னு தேடினேன். இங்கிலீஷ்காரன் ஹிட்ச்-ஹைக்னு கொக்கி மாட்டி நடக்குறான், பிரெஞ்சுக்காரன் வண்டியை நிறுத்துறான், லித்துவேனியாக்காரன் டிரான்சிட்ங்கிற சொல்லை வச்சுக் கடந்து போறான். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ரஷ்ய சனங்க சாதாரணமா பேசுறது, ரோட்டுல கை நீட்டுறதுக்கு அவங்க சொல்ற வினைச்சொல் "ஓட்டுப் போடுறது"! கூட்டத்துல கை தூக்கி ஓட்டுப் போடுற மாதிரி கை தூக்குறான்ல, அதான். எஸ்தோனியாலயும் அதே கதை. நாமளும் "ரோட்டுல ஓட்டுப் போட்டு ஊருக்குப் போனான்"னு எழுதலாம், ஆனா தேர்தல் கமிஷன் கேஸ் போடும்.

———

அக்கா, ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், இப்பதான் எழுதுறேன். ஒரு சந்தேகம். நிறுத்துறதுன்னு பிரெஞ்சுக்காரன் வச்சதையே வச்சு "நிறுத்தேறல்"னு போட்டா என்ன? வண்டியை நிறுத்தி ஏறுறது. "மறித்தல்" வேணாம், அது சாலை மறியல் ஆயிடும், போலீஸ் வந்துரும்.

———

>> "நிறுத்தேறல்"னு போட்டா என்ன?

தம்பி, நானும் முதல்ல அப்படித்தான் யோசிச்சேன். ஆனா போட்டி நடக்குற விதத்தைப் பாத்தா உதைக்குது. மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் நடுவுல பழைய ரோடு எம்10, சுமார் 700 கிலோமீட்டர், த்வேர், தர்ஷோக், வல்தாய், நோவ்கோரோத்னு ஊர் ஊரா புகுந்து போவும், எங்க வேணா நின்னு கை காட்டலாம். 2019லேயே எம்11ன்னு கட்டணச் சாலை பெரும்பாலும் திறந்தாச்சு, மொத்தம் 669 கிலோமீட்டர். வேகமா போறவன் அதுல போறான், ஆனா அந்த மாதிரி ரோட்டுல நடந்துபோறவங்க கால் வைக்கவே சட்டப்படி தடை. அப்ப என்ன பண்ணுறது, பெட்ரோல் பங்க்ல ஏற்கனவே நிக்கிற வண்டிகிட்ட போய்ப் பேசி ஏறணும். அங்க நீ எதையும் நிறுத்தலையே. அதனால நிறுத்துறது சொல்லுக்குள்ள இருந்தா பாதி ஆட்டம் வெளிய போயிடும்.

எந்த வண்டியில ஏறுறதுங்கிறதுலயும் ஒரு கணக்கு இருக்குடா. ரஷ்ய நம்பர் பிளேட்ல கடைசியில மாநில எண் இருக்கும். பீட்டர்ஸ்பர்க்லேர்ந்து மாஸ்கோ போறவன் எம்10ல நிக்கிறப்ப 53ன்னு வந்தா அது நோவ்கோரோத் வண்டி, பெரும்பாலும் அங்கயே திரும்பிடும், 69ன்னா த்வேர், 77ன்னா மாஸ்கோ, அதுல ஏறுனா கடைசிவரைக்கும் போற வாய்ப்பு அதிகம். தூரத்துல வர்ற வண்டியில அந்த ரெண்டு எண்ணைப் படிக்கிற கண்ணு இருந்தா பாதி ஜெயிச்ச மாதிரி. 53 வண்டியில ஏறிட்டு நோவ்கோரோத் திருப்பத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கி நிக்கிறவன் தோத்தான். ஆக, ஏறுறதுதான் இதுல மையம்.

———

அக்கா, நல்லாப் புரிஞ்சுது. அப்ப எங்க வீட்டுப் பேச்சு ஒண்ணு சொல்றேன். எங்கப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. அவரு வாயில லிஃப்ட்ங்கிற வார்த்தையே வராது, "வழியில ஒரு ஆளை ஏத்திட்டு வந்தேன்"ம்பாரு, இல்லன்னா "வழியில ஏறுன பையன், படிக்கிற பையன், நல்லாப் பேசுனான்"ம்பாரு. வழியில ஏறுறது, வழியில ஏத்துறது. அவ்ளோதான். கலைச்சொல் ஆகுமான்னு தெரியல.

———

தம்பி நீ எங்கடா இத்தனை நாள் இருந்த!

ஐயா, பாருங்க, இது கையிலயே இருந்த சொல்லு. வழியேறு, வழியேற்று. ஏறுறவன் வழியேறுறான், டிரைவர் வழியேற்றுறார், தன்வினையும் பிறவினையும் ஜோடியா கிடைச்சிருச்சு, ரெண்டுக்கும் பெயர்ச்சொல் ஒண்ணே ஒண்ணு, வழியேற்றம். ரெண்டு பேர் சேந்து செய்யிற காரியம்னு நீங்க துணைன்னு சொன்னீங்களே, அது இலக்கணத்துக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு. ரஷ்யன்லகூட இந்த வசதி இல்ல, அவன் "ஸ்தோப்பிச்"னு ஒரு வினை வச்சிருக்கான், அது ஏறுறவன் பக்கம் மட்டும்தான்.

மலையேற்றம்ங்கிற சொல்லோட சந்தமும் ஒத்துவருது, அது வெறும் சந்தம் மட்டும் இல்ல. சோவியத்துல மலை நடை, பனிச்சறுக்கு நடை, ஆத்துல படகு இதெல்லாத்தையும் சும்மா ஊர் சுத்துறதுன்னு விடாம விளையாட்டுன்னு சேத்து, வழித்தடத்துக்கு 1லேர்ந்து 6 வரைக்கும் கடினத் தரம் போட்டு, பட்டமும் குடுத்தாங்க. 1949லேயே அனைத்து சோவியத் விளையாட்டு வகைப்பாட்டுல டூரிசம்ங்கிற பேருல இது சேந்துடுச்சு. அந்தப் பழக்கத்துல வளந்த ஊர்லதான் ரோட்டுல லிஃப்ட் கேக்குறதுக்கும் விதிமுறை எழுதணும்னு ஒருத்தருக்குத் தோணும், வேற எந்த ஊர்ல தோணும் சொல்லுங்க. மலையேற்றத்துக்குத் தம்பி வழியேற்றம், சரியாத்தானே இருக்கு.

———

அம்மா, சொல் எனக்கும் பிடித்திருக்கிறது, தம்பிக்கு என் பாராட்டு. ஆனா கிழவன் கொஞ்சம் குறுக்குக் கேள்வி கேட்டே ஆகணும்.

ஒண்ணு, ஆளுக்குப் பேர் "வழியேறி"ன்னு வைக்கப் போறீங்க. மரமேறின்னு ஒரு சொல்லை இங்க சாதி சொல்லித் திட்டப் பயன்படுத்தியிருக்காங்க, அந்த வாடை வருதான்னு பாருங்க. ரெண்டு, விலையேற்றம் மாதிரி காதுல விழும், "பண்டிகைக்கு வழியேற்றம்"னு செய்தி போட்டா டோல்கேட் கட்டணம் ஏறிடுச்சுன்னு நினைப்பான். மூணு, ரஷ்யாக்காரங்க படகுல கப்பல்ல இப்படிப் போறதையும் சொல்வாங்கன்னு நினைக்கிறேன், அதுக்கு என்ன செய்வீங்க?

———

>> அந்த வாடை வருதான்னு பாருங்க

ஐயா, நியாயமான கேள்வி. இதை நான் யோசிக்கவே இல்ல. ஆளுக்கு "வழியேறுநர்"னு வச்சுக்கலாம், பேச்சுல நீளம்தான், இருந்தாலும் யாரையும் குத்தாது. டிரைவரை டிரைவர்னே விட்டுடுவோம், "வழியேற்றுநர்"னு எழுதினா அவரே வண்டியை நிறுத்தாம போயிடுவார்.

விலையேற்றம் பத்தி, ஒரு மாசம் புழங்கினா காது பழகிடும்னு நம்புறேன்.

மூணாவது கேள்விதான் வசமா மாட்டுது. படகுல போறதுக்கு அவங்க ஹைட்ரோஸ்டாப், விமானத்துல போறதுக்கு ஏவியாஸ்டாப்ம்பாங்க. நம்ம சொல்லை நீட்டினா நீர்வழியேற்றம், வான்வழியேற்றம். வான்வழியேற்றம் ஜம்முனு இருக்கு. நீர்வழியேற்றம்னா... ஐயா, நீரேற்று நிலையம்தான் ஞாபகம் வருது, மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்துற மாதிரி. அதுக்குப் "படகுவழி ஏற்றம்"னு வச்சுப் பாக்கலாமா?

———

அக்கா ஒரே ஒரு கேள்வி, போட்டின்னு எப்படிச் சொல்லுவீங்க? ரஷ்யாவுல எல்லாருமே பந்தயமா ஓடுறாங்களா, சும்மா போறவங்க இல்லையா?

———

நல்ல கேள்வி தம்பி, இதுக்குத்தான் ரெண்டு சொல் வேணும்னு ஆரம்பத்திலேர்ந்து மண்டை காயுது.

அங்க ரெண்டு கட்சி. ஒண்ணு நான் சொன்ன பீட்டர்ஸ்பர்க் லீக் வழி. ராத்திரி வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை வச்ச, பளிச்சுனு கலரா இருக்கற முழு உடுப்பு போட்டுக்கிட்டு, ஏறுன இடம் இறங்குன இடம் நேரம்னு குறிச்சு வச்சுக்கிட்டு, ஒழுங்கா நிக்கிறவங்க. இன்னொண்ணு மாஸ்கோவுல அந்தோன் க்ரோத்தவ் 1995ல ஆரம்பிச்ச சுதந்திரப் பயணங்களுக்கான அகாடமி, அவங்களுக்கு ஸ்டாப்வாட்ச் எல்லாம் கிடையாது, ஆசியா ஆப்பிரிக்கான்னு மாசக்கணக்குல போவாங்க, லாரியும் சரி, ரயிலும் சரி, எது கிடைக்குதோ அது. இந்த ரெண்டு பேரும் ரோட்டுல செய்யிறது ஒரே காரியம்தான், ஆனா ஒருத்தரை ஒருத்தர் பாக்குற பார்வை நம்மூர்ல வாக்கிங் போறவரும் மாரத்தான் ஓடுறவரும் பாத்துக்குற மாதிரி.

அதனால பொதுவா வழியேற்றம். போட்டியா நடத்துறதுக்கு "வழியேற்றப் பந்தயம்". "விளையாட்டு வழியேற்றம்"னு எழுதினா சும்மா விளையாட்டுக்குச் செஞ்சதுன்னு ஆயிடும், அதனால அது வேண்டாம்.

கட்டுரையோட முதல் பத்தி இப்ப இப்படி நிக்குது, திருத்துங்க:

"வழியேற்றப் பந்தயம் ரஷ்யாவிலும் அண்டை நாடுகளிலும் மன்றங்கள் நடத்தும் போட்டி. இருவர் கொண்ட அணி, பணம் தராமல், முன்பின் தெரியாத ஓட்டுநர்களின் வண்டிகளில் வழியேறி, குறித்த இடத்தை முதலில் அடைய வேண்டும்."

———

"வழியேறி"ன்னு வினையெச்சமா வர்றப்ப உறுத்தவே இல்லை, நல்லாவே இருக்கு. "அண்டை நாடுகளிலும்"கிறதை லித்துவேனியான்னு பேர் சொல்லியே எழுதுங்கம்மா. மத்தபடி எனக்கு ஒப்புதல்.

———

நன்றி ஐயா, மாத்திடுறேன். இன்னும் ரெண்டு சொல் பாக்கி இருக்கு. முன்னபின்ன தெரியாதவங்க வீட்டுல ஒரு ராத்திரி படுத்துக்குறதுக்கு அவங்க "வ்பீஸ்க்கா"ம்பாங்க, பேரு எழுதிச் சேத்துக்குற மாதிரி ஒரு அர்த்தம், அதுக்கு "இராத்தங்கல்" போதுமான்னு பாருங்க. இன்னொண்ணு, ஏத்திட்டுப் போய் இறங்குறப்ப காசு கேக்குற டிரைவருக்குன்னே தனியா ஒரு கிண்டல் பேர் வச்சிருக்காங்க, "தெங்கப்ரோஸ்"னு, காசுகேட்பான்ங்கிற மாதிரி. தம்பி, உங்கப்பாகிட்ட இதுக்கு ஏதாவது சொல் இருக்கான்னு கேட்டுச் சொல்லு, அவரு கோவிச்சுக்காம பாத்துக் கேளு.