மடக்குக் கத்தியின் பிடி தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

மரப்பெட்டி:
எல்லாருக்கும் தெரிந்த சூடான ஊசிச் சோதனைதான், காய்ச்சிய ஊசிமுனையைப் பிடியில் வைத்து என்ன ஆகிறது, என்ன வாசனை வருகிறது என்று பார்ப்பது. கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் முத்திரை போட்ட ரெட்டை பிளேடு பேனாக்கத்தி, வெளிர்மஞ்சள் பிடி. தந்தம் என்று அடித்துச் சொன்னார், வைத்திருந்தவர். பிடியில் கோடுகள் ஓடின, ஆனால் அளவுகோல் வைத்து இழுத்தது போல எல்லாம் ஒரே இடைவெளி. தந்தத்தில் கோடுகள் லேசாக நெளியும், ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் மங்கிவிடும். "கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து மோந்து பாருங்கள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊசியை வைத்துவிட்டார். சுர்ரென்று ஒரு சுடர்! ஊதி அணைத்ததும் குப்பென்று கற்பூர வாசனை. செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். பிடியை இறுக்கும் ஆணியான ரிவெட்டை ஒட்டிக் கருகிப்போன அந்தக் குழி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அத்தனை காலம் தாங்கிய பிடி ஒரு நொடியில் போனது. தயவுசெய்து யாரும் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்.

சாணைக்கல்:
எனக்கும் செல்லுலாய்டுதான், ஆனால் தீ இல்லை, துரு. ஒரே பெட்டியில் மூடி வைத்திருந்த கத்திகள். திறந்து பார்த்தால், ஆமையோட்டு நிறப் பிடி போட்ட ஒன்றில் பிளேடு முழுக்கத் துரு, பிடிக்கு உள்பக்கம் இருக்கும் பித்தளைத் தகடான லைனரில் பச்சைக் களிம்பு. பக்கத்தில் கிடந்த எலும்புப் பிடிக் கத்தியிலும் துரு, அதுவும் ஆமையோட்டுக் கத்தியைப் பார்த்த பக்கத்தில் மட்டும்!

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. நாள்பட நாள்பட அதிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். அதனால் அந்த மாதிரிக் கத்தியைத் தனியாக, வெயில் படாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடவே கூடாது. உள்ளே வாயு தேங்கிச் சிதைவு இன்னும் வேகமாகும். எண்ணெய் பூசியிருக்கிறோமே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பிடியில் கண்ணாடி நொறுங்கின மாதிரி உள்விரிசல், ஓரத்தில் சுருக்கம், ரிவெட்டைச் சுற்றிப் பச்சை, இதில் ஒன்று தெரிந்தாலும் சிதைவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், முத்துச்சிப்பி என்று சொல்லிக் கொடுத்தாலும் ஒருமுறை கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அசல் சிப்பி சில்லென்று இருக்கும். செல்லுலாய்டுக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது.

கூர்முனை:
மரப்பெட்டி, ஊசி விஷயம் சரி. ஆனால் கோடு நெளிந்தால் தந்தம் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எலும்பிலும் கோடு உண்டு. லென்ஸில் எலும்பைப் பார்த்தால் ரத்தக்குழாய் போன துளைகளில் அழுக்கேறி, கறுப்புப் புள்ளியும் குட்டிக் கீறலுமாகத் தெரியும். தந்தத்தில் அது இருக்காது. யானைத் தந்தத்துக்கே உரிய குறுக்குமறுக்கான ஷ்ரெகர் கோடுகளைப் பிடியின் முகத்தில் தேடி ஏமாறாதீர்கள். பிடிக்கு நீளவாக்கில் அறுப்பார்கள், கோடுகளோ குறுக்கு வெட்டில்தான் தெரியும். பின்முனையைப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொரு கத்தி. முதல் உலகப் போருக்குத் தாத்தா எடுத்துப்போனது என்று ஒருவர் நெகிழ்ந்து காட்டி, பிடி எலும்புதானா என்று கேட்டார். பழுப்புநிறச் செதுக்கு எலும்புப் பிடி. செதுக்குப் பள்ளத்துக்குள் லென்ஸை வைத்தால் ஒரு துளைகூட இல்லை, ஒரே வழவழப்பு. அதே மாடலில் என்னிடம் ஒன்று இருந்தது. ரெண்டையும் பக்கத்தில் வைத்தோம். பள்ளத்துக்குப் பள்ளம், வரிக்கு வரி ஒன்றே! எலும்பைத் தனித்தனியாகச் செதுக்கினால் அப்படி வர வழியே இல்லை. அச்சில் வார்த்த டெல்ரின் பிளாஸ்டிக். டூபாண்ட் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1960இல்தான். அவர் ஒன்றும் பேசவில்லை, கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

உளிச்சத்தம்:
சொன்னது சரிதான் கூர்முனை, கேட்டது அவர்தானே.

பிடியையே எல்லாரும் பேசுகிறீர்கள். பிடியை மாற்றிவிடலாம், உள்ளே இருக்கும் உலோகக் கட்டமைப்பை மாற்றுவது கஷ்டம். பெயரே இல்லாத ஒரு கத்தியைப் பிளேடு திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிடியின் முனையில் இருக்கும் உலோகப் பூணான போல்ஸ்டரும் லைனரும் சேரும் இடத்தில் கோடே இல்லை. ரெண்டும் ஒரே இரும்பில் அடித்தவை, பழைய கைவேலை. பிற்காலத்தில் பித்தளை லைனர் மேல் நிக்கல் சில்வர் போல்ஸ்டரைப் பொருத்தியிருப்பார்கள், உற்றுப் பார்த்தால் இணைப்பு தெரியும். நிக்கல் சில்வரை வெள்ளி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

கத்தியில் தயாரித்த நாட்டின் பெயர் இல்லையென்றால் 1890க்கு முந்தியது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த வருடத்து மெக்கின்லி சட்டம் அமெரிக்காவுக்குள் வரும் சரக்குக்கு மட்டும். வேறெங்கும் விற்ற கத்தியில் பெயர் போட வேண்டிய கட்டாயம் அந்தச் சட்டத்தால் வராது.

மரப்பெட்டி:
கூர்முனை, பின்முனையையும் பார்த்தேன், குறுக்குக் கோடு இல்லை. அதனால்தான் தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னேன். சாணைக்கல், அந்த எலும்புப் பிடிக் கத்தியில் துருவை எப்படி எடுத்தீர்கள்? பிளேடில் முத்திரை அழியாமல் தப்பியதா?