ஃபேட்டி லிவர் கிரேடு 2: அடுத்து எந்த ஸ்கேன்?

கேள்வி:
அண்ணனுக்கு 52 வயது. சர்க்கரை உண்டு, குடி கிடையாது. முழு உடல் பரிசோதனையில் வயிற்று ஸ்கேன் எடுத்து ‘ஃபேட்டி லிவர் கிரேடு 2’ என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மச்சான் சிடி என்கிறார், மாமா எம்ஆர்ஐ என்கிறார், டாக்டரோ கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போதும் என்றார். ஊசி குத்திச் சதை எடுக்க அண்ணன் ஒத்துக்கொள்ளவே மாட்டார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். எதற்குப் போவது?

பதில் 1:
ஒன்பது வருடமாக ஃபைப்ரோஸ்கேன் அறையில்தான் வேலை, அதனால் கொஞ்சம் பட்சபாதம் இருக்கலாம். ஆனாலும் டாக்டர் சொன்னதுதான் சரி. கிரேடு என்பது கொழுப்பின் கணக்கு. கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகிவிட்டதா என்பதை அது சொல்லாது, பயப்பட வேண்டியது அந்தத் தழும்புக்குத்தான்.

முதலில் ஃபிப்-4 போட்டுப் பாருங்கள், தழும்பு இருக்கக்கூடுமா என்று ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துக் கணிக்கும் கணக்கு அது. வயது 52 பெருக்கல் எஸ்ஜிஓடி 48, அதாவது 2496. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்தால் 210, அதை 64-இன் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினால் 1680. வகுத்தால் சுமார் 1.49. 1.3-க்குக் கீழே இருந்திருந்தால் இப்போதைக்கு விட்டிருக்கலாம். தாண்டிவிட்டதால் ஃபைப்ரோஸ்கேன்.

விலா எலும்புகளுக்கு நடுவே லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். இறுகிய கல்லீரலில் அந்த அதிர்வு வேகமாக ஓடும். 10 முறை அளந்து நடு மதிப்பை கிலோபாஸ்கலில் தருவோம். 8-க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி அளவு ஏறிவிடும். ‘ரெண்டு இட்லிதானே’ என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள்!

பதில் 2:
மாமா சொன்ன எம்ஆர்ஐயும் தப்பில்லை. சாதா ஸ்கேனில் கொழுப்பு 20, 30 சதவீதம் ஏறினால்தான் தெளிவாகத் தெரியும், எம்ஆர்ஐ 5 சதவீதத்தையே பிடித்துவிடும். என் அப்பாவுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்ததால் ஃபைப்ரோஸ்கேன் அதிர்வு உள்ளே போகவில்லை. எம்ஆர்ஐ கருவியிலேயே கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் எம்ஆர் எலாஸ்டோகிராபிதான் கைகொடுத்தது. ஆனால் செலவு அதிகம், உங்கள் அண்ணனுக்கு இப்போது அவசியமில்லை. சிடி கட்டி தேடுவதற்கு. இதற்காகக் கதிர்வீச்சு வாங்க வேண்டாம்.

கேட்டவர்:
நேற்று எடுத்தாயிற்று, 6.8. வழியில் அண்ணன் வடையும் டீயும் முடித்துவிட்டார். 3 மணி நேரம் உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள்.

பதில் 1:
நல்ல ஆட்கள்! ரிப்போர்ட்டில் ஐக்யூஆர் என்று சதவீதம் போட்டிருக்கும், எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதன் கணக்கு அது, 30-க்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.