எளிய ஃபிலிம் கேமராவில் எடுத்த முதல் சுருளில் பாதிப் படங்கள் ஏன் கெட்டுப்போயின?

கேள்வி: முதல்சுருள்

வணக்கம். என் மாமா பல ஆண்டுகளுக்கு முன்பு பயன்படுத்திய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. குறிபார்த்துப் பொத்தானை அழுத்துவதைத் தவிர அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. ஃபோகஸ் வளையமும் கிடையாது, வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் அமைப்பும் கிடையாது. லென்ஸைச் சுற்றி 35 மி.மீ. (குவியத் தூரம்), எஃப் 8 (ஒளி நுழையும் துளையின் அளவு) என்று பொறித்திருக்கிறது. ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்று அதனுடன் இருந்த கையேடு சொல்கிறது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளி ஃபிலிமை நகர்த்த வேண்டும். பிளாஷுக்கு மட்டும் ஒரு தனி விசை உண்டு.

ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) 100 வண்ண நெகட்டிவ் ஃபிலிம் போட்டு 36 படங்கள் எடுத்தேன். வெயிலில் எடுத்தவை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்துள்ளன. ஆனால் மரநிழலிலும் கட்டட நிழலிலும் எடுத்தவை சேறு பூசியதுபோல் மங்கி, புள்ளி புள்ளியாக இருக்கின்றன. வீட்டுக்குள் பிளாஷுடன் எடுத்தவற்றில் ஆட்கள் இருளில் கரைந்துவிட்டார்கள். அத்தை மகளின் குழந்தையை ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்த படத்தில் முகம் தெளிவில்லை. நெற்றிக்கு மேல் தலையும் வெட்டுப்பட்டுவிட்டது. இவை போதாதென்று, ஃபிலிம் முடிந்ததும் பின்மூடியை அப்படியே திறந்துவிட்டேன். பயந்து உடனே மூடினாலும் கடைசிப் படங்கள் வெளுத்துப்போயின. கேமராவில் பழுதா, என் பயன்பாட்டில் பிழையா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: இருட்டறை

நண்பரே, நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் கேமராவில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் கேமராவில் துளையின் அளவு, ஷட்டர் வேகம், ஃபோகஸ் தூரம் ஆகிய மூன்றையும் தயாரிப்பாளர் ஒருமுறை தீர்மானித்து நிலைநிறுத்திவிட்டார். ஆகவே நம் வசத்தில் எஞ்சியிருப்பவை எந்த ஃபிலிமைப் போடுவது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்ற மூன்றுதான். இவற்றைப் புரிந்துகொண்டால் இந்தக் கேமரா மிகவும் நம்பகமானது.

வெளிச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் துளையை எஃப் 16-இல் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் எதுவோ நொடியில் அத்தனையில் ஒரு பங்கு ஷட்டரைத் திறந்தால் சரியான வெளிச்சம் பதியும் என்பது ஒளிப்படக்காரர்கள் காலங்காலமாகக் கையாண்டு வரும் கணக்கு. உங்கள் கேமராவின் எஃப் 8 துளையையும் 125-இல் ஒரு பங்கு வேகத்தையும் இதில் பொருத்திப் பார்த்தால், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு வெயிலில் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்று மேலாகக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு என்பதை நினைவில் வையுங்கள். வண்ண நெகட்டிவ் இந்த மிகுதியை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் வெயில் படங்கள் அழகாக வந்தன. திறந்த வானத்தின் கீழ் உள்ள நிழலில் வெளிச்சம் வெயிலைவிட நான்கு ஸ்டாப் குறைவு, அதாவது பதினாறில் ஒரு பங்கு. அங்கே அதே ஃபிலிமுக்கு இரண்டு ஸ்டாப்புக்கு மேல் பற்றாக்குறை ஏற்படுகிறது. நம் கண் நிழலுக்கு உடனே பழகிவிடுவதால் இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

வண்ண நெகட்டிவ் வெளிச்ச மிகுதியைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைவைப் பொறுத்துக்கொள்ளாது. போதிய ஒளி விழாத இடத்தில் நெகட்டிவில் எதுவுமே பதியாது. பதியாததைப் பிரிண்டிலோ ஸ்கேனிலோ மீட்க வழியில்லை. நீங்கள் காணும் சேற்று நிறமும் புள்ளிகளும், வெற்று நெகட்டிவிலிருந்து படத்தை இழுத்துப் பிடிக்க முயன்றதன் விளைவு. எனவே அடுத்த முறை ஐஎஸ்ஓ 400 வண்ண நெகட்டிவ் போடுங்கள். நிழலில் பற்றாக்குறை மூன்றில் ஒரு ஸ்டாப்பாகச் சுருங்கிவிடும். உச்சி வெயிலில் மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் மிகுதியாகி நெகட்டிவ் அடர்த்தியாகும் என்றாலும், பொறுமையாக ஸ்கேன் செய்தால் நல்ல படம் கிடைக்கும். ஸ்லைடு ஃபிலிமை (நெகட்டிவாக அல்லாமல் நேர்ப்படமாகவே பதியும் ஃபிலிம்) மட்டும் இந்தக் கேமராவில் போடாதீர்கள். அது அரை ஸ்டாப் பிழையைக்கூட எளிதில் மன்னிக்காது.

பிளாஷ் படங்களுக்கும் இதே காரணம்தான். சிறிய உள்ளமை பிளாஷின் வழிகாட்டு எண் (பிளாஷின் வலிமையைக் குறிக்கும் எண்) ஐஎஸ்ஓ 100-க்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை எஃப் எண்ணான 8-ஆல் வகுக்கக் கிடைக்கும் ஒன்றேகால் மீட்டர்தான் பிளாஷ் எட்டும் தூரம். அதற்கு அப்பால் ஒளி தூரத்தின் இருமடியில் தேய்கிறது. இரண்டரை மீட்டரில் நிற்பவர் மீது நான்கில் ஒரு பங்குதான் விழும். ஐஎஸ்ஓ 400 போட்டால் எட்டும் தூரம் இரண்டு மடங்காகி இரண்டரை மீட்டர் ஆகும்.

இங்கே ஃபோகஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸ் எஃப் 8-இல் ஐந்து மீட்டருக்கு நிலைநிறுத்தப்பட்டால், வழக்கமான தெளிவு அளவுகோலின்படி சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். கையேடுகள் ஒன்றரை மீட்டர் என்று சொல்வது சிறிய பிரிண்டை மனத்தில் வைத்துச் சொல்வது. பெரிதாக்கினால் குழைவு தெரிந்துவிடும். ஆக, ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் பிளாஷ் எட்டும் இடத்தில் ஃபோகஸ் இல்லை, ஃபோகஸ் உள்ள இடத்துக்கு பிளாஷ் எட்டவில்லை. வீட்டுக்குள் நீங்கள் எப்படி நின்றிருந்தாலும் படம் கெட்டுத்தான் போயிருக்கும். அதற்காக மனம் வருந்த வேண்டாம். ஐஎஸ்ஓ 400 போட்டு இரண்டு மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் ஆட்களை நிறுத்தினால் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். பெரிய கூடத்தில் தூரத்து மேடையை நோக்கி பிளாஷ் அடிப்பதால் முன்வரிசைத் தலைகள் மட்டுமே ஒளிரும்.

மறுமொழி: பல்சக்கரம்

மேலே உள்ளவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன்: பகலில் வெளியே மட்டும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஐஎஸ்ஓ 200 போதும். மிக அடர்த்தியான நெகட்டிவை அவசரமாக ஸ்கேன் செய்யும் இடங்களில் வானமும் வெள்ளைச் சட்டையும் விவரமின்றி வெளுத்து வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளும் எடுப்பதென்றால் 400 தவிர வேறு வழியில்லை.

தலை வெட்டுப்பட்டதற்குக் காரணம், நீங்கள் பார்க்கும் கண்ணாடித் துவாரமும் படம் எடுக்கும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதுதான். துவாரம் லென்ஸுக்கு மேலே உள்ளது. தொலைவில் இந்த இடைவெளி பொருட்டாகாது. ஒரு மீட்டரில் நிற்கும்போது லென்ஸ் சற்றுக் கீழே உள்ள பகுதியைப் பார்ப்பதால் மேற்புறம் இழப்பாகிறது. துவாரத்துக்குள் உற்றுப் பாருங்கள். சில கேமராக்களில் மேல் ஓரத்தில் சிறு கோடுகள் இருக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது தலை அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்க வேண்டும். கோடு இல்லையென்றால் தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டுவிடுங்கள்.

இனி, பின்மூடி. படம் எடுக்க எடுக்க ஃபிலிம் தன் டப்பாவிலிருந்து வெளியேறி வலப்புற உருளையில் சுற்றிக்கொள்கிறது. திறந்தபோது வெளிச்சுற்றில் இருந்த கடைசிப் படங்கள் முழு ஒளியையும் வாங்கிக்கொண்டன. உட்சுற்றில் இருந்த முதல் படங்களை வெளிச்சுற்றுகளே மறைத்துக் காத்தன. உடனே மூடியது நல்ல செயல். இனி 36 வந்து சக்கரம் நகர மறுத்ததும் அதை வலிந்து தள்ளாதீர்கள். ஓரத் துளைகள் கிழிந்துவிடும். கேமராவின் அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி, இடப்புறக் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் சுற்றுங்கள். ஓரிடத்தில் இழுவிசை சட்டென்று தளர்ந்து கைப்பிடி இலகுவாகச் சுழலும். அதன் பிறகும் சில சுற்றுகள் சுற்றிவிட்டு நிழலில் நின்று திறக்கலாம்.

புதிய ஃபிலிமைப் போடும்போதும் இந்தக் கைப்பிடியையே சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமின் நாக்கை வலப்புற உருளையில் செருகி, பற்கள் துளைகளில் பதிந்ததைக் கண்ணால் உறுதி செய்து மூடிய பின், கைப்பிடியை மெல்லச் சுற்றித் தளர்வை நீக்குங்கள். பிறகு பல்சக்கரத்தைத் தள்ளும்போது கைப்பிடியும் தானாகத் திரும்பினால் ஃபிலிம் உண்மையிலேயே நகர்கிறது என்று பொருள்.

மறுமொழி: மலைக்குறி

தானாக ஃபோகஸ் செய்யும் சிறு கேமரா வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்வியைப் படிப்பார்கள் என்பதால் இதைச் சேர்க்கிறேன். பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் தன்ஃபோகஸ் கேமரா 1977-இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப். அதன் பின் வந்த பல கேமராக்கள் அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரத்தை அளப்பவை. அவை சன்னல் கண்ணாடி வழியே எடுக்கும்போது ஏமாந்துபோகக்கூடும். மலைக்குறி போட்ட பொத்தான் இருந்தால் அதை அழுத்தித் தொலைதூர ஃபோகஸை வலிந்து வரவழைக்கலாம். இருவர் அருகருகே நிற்கும்போது நடுவில் உள்ள இடைவெளி வழியாகப் பின்சுவரை அளந்துவிடுவது இவற்றின் வழக்கமான பிழை. ஒருவரை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு கேமராவைத் திருப்பிப் பிறகு முழுதும் அழுத்துங்கள்.

இவ்வகைக் கேமராக்களில் பலவும் ஃபிலிம் டப்பாவின் மேல் உள்ள வெள்ளி, கறுப்புக் கட்டங்களைத் தொட்டு ஐஎஸ்ஓ எண்ணை அறிகின்றன. 1983-இல் அறிமுகமான டிஎக்ஸ் குறியீடு அது. சில எளிய கேமராக்கள் 100, 400 ஆகிய இரண்டை மட்டுமே பிரித்தறியும் என்பதால் கையேட்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

மீண்டும்: முதல்சுருள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐஎஸ்ஓ 400 போட்டு எடுத்த இரண்டாம் சுருளை இன்று கழுவி வாங்கினேன். நிழல் படங்களில் இலைகளின் பச்சை தெளிவாக இருக்கிறது. கூடத்தில் இரண்டு மீட்டரில் நிற்கவைத்து எடுத்த மாமாவின் முகம் சற்றே மென்மையாக, ஆனால் முழு வெளிச்சத்துடன் வந்திருக்கிறது. தலைகள் அனைத்தும் சட்டத்துக்குள் உள்ளன. எல்லாப் படங்களிலும் விளக்குகளைச் சுற்றி ஒரு மெல்லிய மூட்டம் தெரிகிறது. லென்ஸின் உட்புறத்தில் புகைபோல் படிந்திருக்கிறது. முன்பக்கத் திருகுகளைக் கழற்றித் துடைக்கலாமா? அடுத்த மாதம் விமானப் பயணமும் இருப்பதால் ஃபிலிமை எப்படி எடுத்துச் செல்வது என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி: இருட்டறை

திருகுகளைத் தொடாதீர்கள். பிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் ஏறியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது நெடுநேரம் தங்கி, தொட்டவரைக் கடுமையாகத் தாக்கும். லென்ஸின் வெளிப்புறத்தை மட்டும் காற்றூதித் தூசு நீக்கி, மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். உட்படிவு நீங்க வேண்டுமென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதுவரை விளக்கும் சூரியனும் நேரே லென்ஸில் விழாதபடி நின்று எடுத்தால் மூட்டம் பெரும்பாலும் தெரியாது.

ஃபிலிமை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் (செக்-இன்) பெட்டியில் வைக்காமல், கைப்பையில் உள்ளிருப்பது வெளியே தெரியும் உறையில் தனியாக வையுங்கள். விமான நிலையங்களில் இப்போது பரவிவரும் சிடி ஸ்கேனர்கள் (பையைப் பல கோணங்களில் எக்ஸ்கதிரால் படமெடுப்பவை) ஒரே முறையில்கூட ஃபிலிமில் மூட்டம் ஏற்படுத்தக்கூடியவை என்பதால், கையால் பரிசோதிக்கும்படி முன்கூட்டியே பணிவாகக் கேளுங்கள். கேமராவுக்குள் பாதி எடுத்த சுருள் இருந்தால் அதற்கும் இதுவே பொருந்தும். கூடுமானால் புறப்படும் முன்பே அதை எடுத்து முடித்துச் சுற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் தாமதிக்காமல் கழுவக் கொடுத்து, ஸ்கேனுடன் நிறுத்திக்கொள்ளாமல் நெகட்டிவ்களையும் கேட்டு வாங்குங்கள்.