அமெரிக்காவில் ஆர்.வி. எடுத்து அரசு நிலத்தில் இலவசமாகத் தங்க இடம் தேடுவது எப்படி?

தண்டையார்பேட்டை பையன்:

எல்லோருக்கும் வணக்கம். அக்கா அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸில் இருக்கிறாள். வரும் அக்டோபரில் நானும் நைனாவும் அம்மாவும் அங்கே போகிறோம். ஒரு ஆர்.வி., அதாவது படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி, வாடகைக்கு எடுத்து பத்து நாள் கிராண்ட் கேன்யன் பக்கம் சுற்றிவிட்டு வரலாம் என்று அக்கா வீட்டுக்காரர் சொல்கிறார். வண்டி வாடகையே கையைக் கடிக்கிறது, அதற்கு மேல் ராத்திரிக்கு ராத்திரி கேம்ப் கிரவுண்டுக்கு வேறு பணம் கட்ட வேண்டும். அரசு நிலத்தில் காசே இல்லாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம், அதற்கு டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்று பெயர் என்று ஒரு நண்பன் சொன்னான். உண்மையா? உண்மையென்றால் அந்த இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை நான் இவ்வளவு ஆசையாகக் கேட்பதற்குக் காரணம் நைனாதான். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டியவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை நகராமல் இரண்டு நாள், மூன்று நாள் வண்டியிலேயே கிடப்பார். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை நான் சைக்கிளில் எடுத்துப் போவேன். பக்கத்து லாரிக்காரர்கள் டிரெய்லருக்கு அடியில் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு கொதிக்க விட்டிருப்பார்கள், நைனா சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் காலை மடக்கிப் படுத்திருப்பார். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் போதும், பின்னாலிருந்து ஹாரன் அடித்து எழுப்பிவிடுவார்கள். ஒரு தடவையாவது யாரும் எழுப்பாத இடத்தில், காலை நீட்டி, அவர் வண்டியில் தூங்க வேண்டும்.

அம்மாவுக்கு மூன்று கவலை. தண்ணீர், கக்கூஸ், ராத்திரியில் போலீஸ் வந்து கதவைத் தட்டுமா என்பது.

லோகோ ஒர்க்ஸ் காலனி:

தம்பி, உண்மைதான். நான் ஒன்பது வருஷம் அரிசோனாவில் இருந்துவிட்டு இப்போது பெரம்பூருக்கே திரும்பி வந்துவிட்டேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், அங்கே "இலவச இடம்" என்று போர்டு வைத்த இடம் எதுவும் இருக்காது. நிலம் யாருடையது என்று பார்க்கத் தெரிந்தால் இடம் தானாகக் கிடைக்கும், தெரியாவிட்டால் எத்தனை ஆப் போட்டாலும் குழப்பம்தான்.

மேற்கு மாநிலங்களில் இரண்டு துறைகளிடம் ஏராளமான நிலம் இருக்கிறது. ஒன்று பி.எல்.எம்., அதாவது பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட், அவர்களிடம் மட்டும் 24 கோடி ஏக்கருக்கு மேல். இன்னொன்று ஃபாரஸ்ட் சர்வீஸ், அதனிடம் சுமார் 19 கோடி ஏக்கர். தடை என்று அறிவிக்காத இடங்களில் ரோட்டை ஒட்டி, ஏற்கெனவே வண்டிகள் நின்று நின்று தரை தேய்ந்த இடத்தில் நீங்களும் நிறுத்தித் தங்கலாம். பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை. காட்டு நிலத்தில் அந்தந்தக் காட்டுக்கு ஒரு கணக்கு, ஆனால் 14 நாள் என்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நேஷனல் பார்க் என்பது வேறு, அதைக் கலந்துவிடாதீர்கள். கிராண்ட் கேன்யன் பார்க்குக்குள்ளே வண்டியை ஓரம்கட்டித் தூங்க முடியாது. ஆனால் தெற்கு வாசலுக்கு வெளியே டுசாயான் என்று ஒரு சின்ன ஊர், அதைச் சுற்றி கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட். அங்கே தங்கிவிட்டுக் காலையில் பார்க்குக்குள் போகலாம், நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

நிலம் யாருடையது என்று காட்டுகிற வரைபடத்தில் நிறத்தைப் பாருங்கள். பி.எல்.எம். மஞ்சள், காடு பச்சை, தனியார் வெள்ளை, மாநில டிரஸ்ட் நிலம் நீலம். அரிசோனாவில் அந்த நீலத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அதுவும் அரசு நிலம்தானே என்று தோன்றும், ஆனால் பர்மிட் வாங்க வேண்டும். காட்டுக்குள் போவதென்றால் ஃபாரஸ்ட் சர்வீஸே மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. பார்க்க அழகாக இருக்காது, கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான். எந்த ரோட்டில் வண்டி போகலாம், எந்த ரோட்டோரம் தங்கலாம் என்று அதில் குறி போட்டிருக்கும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே போனால் சிக்னல் இருக்காது. அப்புறம் அந்தப் பகுதி ரேஞ்சர் ஆபீஸுக்கு, அதாவது வன அதிகாரி ஆபீஸுக்கு, ஒரு போன். ரோடு எப்படி, நெருப்புக்குத் தடை இருக்கிறதா, இந்த நீள வண்டி திரும்புமா, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். பொறுமையாகச் சொல்வார்கள்.

அக்டோபர் நல்ல மாதம். ஆனால் டுசாயான் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு, ராத்திரி நடுங்கும். காலையில் கண்ணாடியில் ஐஸ் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்த நாள் எனக்கு உண்டு. அம்மாவுக்கும் நைனாவுக்கும் நல்ல கம்பளி எடுத்துப் போங்கள்.

மாதவரம் ரைடர்:

இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை ப்ரோ. ஐஓவர்லேண்டர், கேம்பெண்டியம் என்று தங்குமிடம் காட்டுகிற ஆப் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள், மேப்பில் குறி (பின்) இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போய் நிறுத்துங்கள். நான் பக்கத்து மாநிலமான யூட்டாவில் அப்படித்தான் ஒரு வாரம் சுற்றினேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

லோகோ ஒர்க்ஸ் காலனி:

ரைடர் தம்பி, ஆப் நல்லதுதான், நானும் வைத்திருந்தேன், முன்னால் போனவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு அதை விட்டால் வேறு இல்லை. ஆனால் அந்தப் பின்னைப் போட்டது உங்களையும் என்னையும் போல ஒருவர். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நவம்பரில், மனைவி, கைக்குழந்தையோடு, இருட்டிய பிறகு ஒரு பின்னை நம்பி மண் ரோட்டில் இறங்கினேன். மூன்று மைல் போன பிறகு கம்பி கேட், தனியார் நிலம் என்று போர்டு. ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளம், 25 அடி வண்டி, திருப்ப இடமே இல்லை. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டார்ச் அடித்தபடி பின்னால் நடக்க, அரை மைலுக்கு மேல் ரிவர்ஸிலேயே வந்தேன். வீட்டுக்குத் திரும்பி வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆப் இடத்தைக் காட்டட்டும், அந்த இடம் யாருடையது என்று வரைபடம் சொல்லட்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள், இன்னொரு இடத்தையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஓடைக்குள், அங்கே வாஷ் என்பார்கள், தரை சமமாக மணலாக இருக்கிறதே என்று நிறுத்தக் கூடாது. மழை பத்து மைலுக்கு அப்பால் பெய்யும், தண்ணீர் உங்கள் வண்டிக்கு வரும்.

திருவொற்றியூர் அக்கா:

தம்பி, உங்கள் அம்மாவின் கவலைக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார்கள்.

தண்ணீர்: வாடகை வண்டியில் 40 கேலன் டாங்க் என்று வைத்துக்கொண்டால் 150 லிட்டர். நம்ம ஊர்க் கணக்கில் பத்து குடம். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பத்து குடத்தை நான்கு பேர் மூன்று நாள் ஓட்டலாம், ஷவரைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். எங்கள் அம்மா வண்டிக்குள் ஒரு வாளியும் சொம்பும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தார்கள், அதனால்தான் நாங்கள் நான்கு நாள் தாக்குப்பிடித்தோம். குடிக்கத் தனியாகக் கேன் வாங்கிவிடுங்கள்.

கக்கூஸ் வண்டியிலேயே இருக்கிறது, அதில் பயமில்லை. ஆனால் கழிவு ஒரு டாங்கில் சேரும், பாத்திரம் கழுவிய தண்ணீர் இன்னொன்றில் சேரும். கழிவு டாங்கைத் தரையில் திறந்துவிடுவது குற்றம், எவ்வளவு உள்ளே போய் நின்றாலும் குற்றம்தான். மற்ற தண்ணீரையும் பல இடங்களில் விடக் கூடாது. டம்ப் ஸ்டேஷன் என்று தனியாக உண்டு, சில டிரக் ஸ்டாப்பிலும் ஆர்.வி. பார்க்கிலும் கொஞ்சம் பணம் கட்டி காலி செய்துகொள்ளலாம். மூன்று நாளைக்கு ஒரு தடவை அதற்கும் தண்ணீர் பிடிக்கவும் ஊருக்குள் வருவது போல வழியைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து ராத்திரியும் இலவசமாகத் தங்குவேன் என்று பிடிவாதம் வேண்டாம், நடுவில் இரண்டு ராத்திரி காசு கட்டுகிற இடத்தில் தங்கி, அம்மா நன்றாகத் தலைக்குக் குளிக்கட்டும்.

குப்பைத் தொட்டியும் அங்கே இருக்காது. ஒரு ஆரஞ்சுத் தோலைக்கூடப் போடாமல் திருப்பி எடுத்து வர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்ததை நாம் பார்த்தோம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து எண்ணூர் வலையையும் படகையும் கறுப்பாக்கியதைப் பார்த்தோம். யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று ஒருவன் நினைத்துவிட்டால் அந்த இடம் என்னவாகும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் ஆட்கள் குப்பை போட்டுப் போட்டே பல இடங்களை மூடிவிட்டார்கள்.

போலீஸ்: அனுமதி உள்ள இடத்தில், நாள் கணக்குக்குள் இருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். எங்களிடம் ஒரு ரேஞ்சர் காலை ஒன்பது மணிக்கு வந்து, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, அம்மாவுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

மாதவரம் ரைடர்:

ரிவர்ஸ் கதையைப் படித்த பிறகு நானும் இனி வரைபடம் பார்க்கிறேன் அண்ணா. யூட்டா போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே தரையில் கறுப்பாக, மேடு மேடாக ஒரு பொருக்கு இருக்கும். அது உயிருள்ள மண், மிதித்தால் திரும்ப வளரப் பல வருஷம் ஆகும். அதன் மேல் டயர் ஏற்றக் கூடாது.

வண்டி எடுக்கும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கவும். மண் ரோட்டில் ஓட்டக் கூடாது என்று பல வாடகைக் கம்பெனிகள் எழுதியிருப்பார்கள், மீறி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காது. நைனா ஓட்டுவதாக இருந்தால் இங்கே ஆர்.டி.ஓ.விலேயே இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு வருஷம் செல்லும்.

மீஞ்சூர் வாசி:

இங்கே இப்படிச் செய்ய முடியுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், அதனால் முன்பே சொல்கிறேன். முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். புறம்போக்கு என்றால் யாரும் தங்கலாம் என்று அர்த்தமில்லை, கடற்கரையில் காலியாகத் தெரிகிற மணல் மீனவ கிராமத்துக்கு வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் வேண்டிய இடம். நாங்கள் ஆம்னி வேனில் படுக்கை போட்டுக்கொண்டு போவோம், பழவேற்காட்டில் தெரிந்த ஒரு குடும்பத்திடம் கேட்டு அவர்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்துவோம். காசு வாங்க மாட்டார்கள், காலையில் நண்டு வாங்கிக்கொண்டு வருவோம்.

தண்டையார்பேட்டை பையன்:

எல்லோருக்கும் மனசார நன்றி. அக்கா வீட்டுக்காரர் வாடகைக் கம்பெனியில் கேட்டுவிட்டார், பராமரிக்கிற சரளை ரோடு பரவாயில்லை, அதற்கு மேல் போகக் கூடாது என்றார்களாம். அதனால் ரோட்டை ஒட்டின இடங்களாகவே பார்க்கிறோம். நைனாவிடம் பத்து குடம் கணக்கைப் படித்துக் காட்டினேன். நேற்றிலிருந்து குளியலறையில் வாளியில் அளந்து அளந்து குளிக்கிறார், ஒன்றரை வாளி போதும் என்கிறார். அவர் கேட்கச் சொன்ன கேள்வி: தரை சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கலாமா?

டுசாயானில் இடமில்லை என்றால் பீனிக்ஸுக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது?

லோகோ ஒர்க்ஸ் காலனி:

கட்டாயம் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேஸில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் இருக்கிற வண்டி சரிவில் நின்றால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும், தூக்கமும் வராது. பிளாஸ்டிக் கட்டை விற்கிறார்கள், வாடகைக் கம்பெனியில் கேட்டால் தரவும் கூடும். நைனா அளவுக்கு அதைச் சரியாக வைக்கிற ஆள் உங்கள் வண்டியில் வேறு யாரும் இருக்கப் போவதில்லை.

பீனிக்ஸிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் போனால் குவார்ட்சைட். பாலைவனம், பி.எல்.எம். நிலம், பிளோமோசா ரோடு பக்கம் 14 நாள் இலவசம். குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்களுக்கு லா போசா என்று தனி இடம், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அதற்கு மட்டும் கட்டணம். அந்த ஊர்க் கல்லறையில் கூம்பாக ஒரு கல் கோபுரம் இருக்கும், போய்ப் பாருங்கள். ஹாஜி அலி என்கிற ஒட்டகக்காரரின் சமாதி. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே 1856இல் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களோடு கப்பலில் இறக்கிய ஆள், கடைசி வரை ஊர் திரும்பவில்லை. நைனாவுக்குப் பிடிக்கும்.