குலுங்குகாட்சியா, குலுக்குகாட்சியா? ‘ஷேக்கி கேம்’ கலைச்சொல் விவாதம்

குழுமத்தாருக்கு வணக்கம்.

நம் திரைக்கலைச் சொற்பட்டியலில் ‘ஷேக்கி கேம்’ (படம் ஆடிக் குலுங்கும்படி கேமராவைக் கையாளும் முறை) என்பதற்கு நேரே இன்னும் கேள்விக்குறிதான் நிற்கிறது. அகராதியைப் புரட்டி ஏதோ ஒரு சொல்லை அங்கே நிரப்பிவிடலாம். ஆனால் ஒரு படத்தை வைத்துக்கொண்டு பேசினால் எது பொருந்தும், எது பொருந்தாது என்பது சட்டென்று தெரிந்துவிடும். நான் எடுத்துக்கொள்வது ‘க்ளோவர்ஃபீல்ட்’. 2008 ஜனவரி 18 அன்று அமெரிக்காவில் வெளியானது. இயக்கம் மேட் ரீவ்ஸ், தயாரிப்பு ஜே.ஜே. ஏப்ரம்ஸ். மன்ஹாட்டனுக்குள் ஒரு ராட்சத விலங்கு புகுந்து நொறுக்குகிறது. ஹட் என்ற இளைஞனின் கையில் இருக்கும் வீடியோ கேமரா எதைப் பார்க்கிறதோ அதை மட்டும்தான் நாமும் பார்க்கிறோம். நண்பனின் வழியனுப்பு விருந்தைப் படம்பிடி என்று சொல்லி அவன் தலையில் கட்டிவிட்ட கேமரா அது.

இந்தப் படத்துக்கு வந்த எதிர்வினைதான் நமக்கு உதவப்போகிறது. ‘இதைப் பார்த்தால் தலைசுற்றல் வரலாம்’ என்ற பொருளில் சில அமெரிக்கத் திரையரங்குகள் வாசலிலேயே அறிவிப்பு ஒட்டின. பாதியில் எழுந்துபோனவர்கள் உண்டு. முதல் வார இறுதியில் சுமார் 4 கோடி டாலர் வசூல். அடுத்த வார இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. முதல் நாள் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் ‘சி’. இத்தனைக்கும் விமர்சகர்கள் பலருக்குப் படம் பிடித்திருந்தது. 2.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 17 கோடிக்கு மேல் ஈட்டியது.

திட்டியவர்கள் எல்லாரும் ஒன்றையே திட்டவில்லை. தலை சுற்றுகிறது என்பது ஒரு புகார். விலங்கை முழுசாகக் காட்டவே மாட்டேன் என்கிறார்கள் என்பது வேறு. உயிர் போகிற நேரத்தில் எவனாவது கேமராவைப் பிடித்துக்கொண்டே ஓடுவானா என்பது இன்னொன்று. இப்போது இது மூன்றையும் ‘ஷேக்கி கேம் படம், அப்படித்தான் இருக்கும்’ என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். தமிழிலாவது பிரித்துச் சொல்ல வழி இருக்கட்டுமே.

இதுவரை வந்த பரிந்துரைகள்: நடுங்கு படப்பிடிப்பு, கையேந்துப் படப்பிடிப்பு, குலுக்கல் காட்சி. உங்கள் கருத்து?

———

அம்மா,

வணக்கம். ஒவ்வொன்றாகக் கழித்துவிடுகிறேன்.

நடுக்கம் குளிரில் வரும், அச்சத்தில் வரும், என் வயதில் காரணமே இல்லாமலும் வரும். சிறிய, விரைவான அசைவு அது. ஒருவன் கேமராவோடு தெருவில் தலைதெறிக்க ஓடும்போது திரையில் நடப்பதற்கு நடுக்கம் என்று பெயர் வைத்தால் பார்த்தவர் ஒப்பமாட்டார்.

கையேந்து என்பதில் இரப்புப் பொருள் வந்துவிடும். போதாக்குறைக்குக் கையேந்தி பவன் வேறு இருக்கிறது. ‘கையேந்துப் படம்’ என்று எழுதினால் தயாரிப்பாளருக்குப் பணமுடை என்று நினைப்பார்கள். ‘கைத்தாங்கல்’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். நோயாளியை மாடியிலிருந்து இறக்குவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

குலுக்கல் பரிசுச்சீட்டுக்குப் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் வேர் நல்ல வேர். ‘குலுங்குகாட்சி’ என்று வினைத்தொகையாக வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலத்துக்கும் நிற்கும். ஒரு வேண்டுகோள்: இடையில் ‘க்’ போட்டுவிடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. பட்டியலில் ஏற்கெனவே ‘சுழலுக் கோணம்’ என்று ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

———

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

நான் ஒளிப்பதிவுப் பக்கம் உதவியாளனாக இருக்கிறேன். களத்தில் நாங்கள் ‘ஹேண்ட்ஹெல்ட்’ என்றுதான் சொல்வோம். அது வேறு, நீங்கள் பேசுகிற குலுக்கம் வேறு. முக்காலி, டிராலி எதுவும் இல்லாமல் கேமராவைக் கையிலோ தோளிலோ வைத்து எடுத்தால் ஹேண்ட்ஹெல்ட். கை பழகிய ஆள் எடுத்தால் குலுங்கவே குலுங்காது. லேசாக மூச்சுவிடுகிற மாதிரி ஓர் அசைவு இருக்கும், அவ்வளவுதான். மறுபக்கம், முக்காலியில் ஆடாமல் எடுத்த ஷாட்டுக்கு எடிட்டிங்கில் செயற்கையாகக் குலுக்கம் சேர்ப்பதும் உண்டு. அதனால் முதலில் இரண்டு சொல் வேண்டும். ஹேண்ட்ஹெல்ட்டுக்கு ‘கைவசப் படப்பிடிப்பு’ என்று வைக்கலாமா? கைவசம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல்.

இரண்டாவது, ‘குலுங்கு’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தானாகக் குலுங்குகிற மாதிரி ஒலிக்கிறது. அந்தப் படத்தில் எதுவும் தானாக நடக்கவில்லை. ஹட்டாக நடித்த டி.ஜே. மில்லரே சில பகுதிகளை எடுத்திருக்கிறார், மற்றதை ஒளிப்பதிவுக் குழு எடுத்தது. விலங்கோ கணினியில் டிப்பெட் ஸ்டூடியோ உருவாக்கியது. ஓடுகிற கேமராவின் ஒவ்வொரு ஆட்டத்தையும் அளந்து, அதே ஆட்டத்தோடு விலங்கை உள்ளே பொருத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் விலங்கு கட்டடத்துக்கு முன்னால் தனியாக மிதக்கும். இவ்வளவு திட்டமிட்டுச் செய்ததற்குப் பிறவினைதான் சரி: ‘குலுக்குகாட்சி’. குலுங்கவில்லை, குலுக்கினார்கள்.

———

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி.

‘கைவசப் படப்பிடிப்பு’ எனக்குச் சரியாகப் படவில்லை. கைவசம் என்றால் கையிருப்பு. ‘கைவசம் நாலு படம் வைத்திருக்கிறார்’ என்றுதானே நடிகர்களைப் பற்றி எழுதுகிறார்கள்? ‘தாங்கியில்லாப் படப்பிடிப்பு’ என்று வைத்தால் தம்பி சொன்ன விளக்கம் அப்படியே வந்துவிடும். சொல் நீளம்தான், ஆனால் அந்தப் படம் குலுங்கித்தான் ஆக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை, அது போதும்.

தம்பி கிளப்பிய தன்வினை, பிறவினைப் பேச்சுதான் இந்த இழையின் உயிர்நாடி. ஆனால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். களத்தில் யார் குலுக்கினார்கள் என்பது பார்வையாளருக்கு வேண்டாத விஷயம். கதைக்குள் அந்தக் குலுக்கத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறானா என்பதுதான் அவருக்குக் கேள்வி. இந்தப் படத்தில் ஹட் இருக்கிறான். அவன் பயந்தால் படம் திரும்புகிறது, ஓடினால் குதிக்கிறது. சுரங்க ரயில் பாதையின் இருட்டில் கேமராவின் இருள்பார்வை விசையைப் போடும்வரை தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது. சென்ட்ரல் பூங்காவில் விலங்கு அவனைக் கடித்துப் போட்டபின் கேமரா புல்லில் விழுந்து கிடக்கிறது. தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) முன்னால் இருக்கும் புல்லையும் பின்னால் தெரியும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பிடிக்கப் பார்க்கிறது. அதுவரை துள்ளிய சட்டகம் அங்கே அசையவில்லை. பிடித்திருந்த கை போனதும் குலுக்கமும் போய்விட்டது. இது ‘குலுங்கு’ இல்லாமல் வேறு என்ன?

எதிர்வினை இரண்டாகப் பிரிந்த இடமும் இதுவே. ஹட்டை ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டவர்கள் குலுக்கத்தோடு சேர்ந்து பயந்தார்கள். ஏற்காதவர்களுக்கு அது இயக்குநரின் வித்தையாகத் தெரிந்தது, எரிச்சல் வந்தது. ‘ஏன் கேமராவைக் கீழே போடாமல் ஓடுகிறான்’ என்பது அவர்களுடைய கேள்விதான். படமே ஒரு பதில் வைத்திருக்கிறது: சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் உருண்டு வந்து நின்றதும் சுற்றியிருப்பவர்கள் கைபேசியை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பிக்கிறார்கள். 2008இல் இதைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். இன்று விபத்து நடந்த எந்தச் சாலையிலும் பார்க்கலாம், நம்பும்படி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்வோம். கதைக்குள் கேமராவைப் பிடித்த ஆள் இருந்து, அவன் அசைவால் ஆடினால் குலுங்குகாட்சி. அப்படி யாருமே இல்லாமல் சண்டைக்கு விறுவிறுப்பு ஏற்ற ஆட்டினால் குலுக்குகாட்சி. ஒற்றெழுத்து மாறினால் பொருள் இவ்வளவு விலகும் வசதி தமிழில் சும்மா கிடைக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? ஆங்கிலத்தில்கூட ஒரு சொல் போதவில்லை. திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ‘குவீசி கேம்’ என்று இன்னொன்றைப் புழங்கினார்; குமட்டும் கேமரா என்று பொருள். கேமராவை விட்டுவிட்டுப் பார்ப்பவர் வயிற்றிலிருந்து எடுத்த பெயர்.

குமட்டலுக்கு வருவோம். பட்டியலில் இருக்கும் ‘இயக்க நோய்’ எனக்குப் பிடிக்கவே இல்லை. அது நோயும் இல்லை, இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் இயங்கவும் இல்லை. கோளாறே அதுதான். கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது. உட்செவியில் சமநிலை காக்கும் உறுப்பு ‘இல்லையே, சும்மா உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பி, வயிறு புரட்டுகிறது. வால்பாறை பஸ்ஸில் பயணிகள் ஜன்னலைத் தேடும்போது டிரைவர் நிம்மதியாக ஓட்டுவது போல, கேமரா பிடித்தவருக்கு எதுவும் ஆவதில்லை. அடுத்த திருப்பம் எப்போது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்தால் திரை பார்வை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், ஆடாத பொருள் எதுவும் கண்ணில் படாது, அவதி கூடும். பின்வரிசைக்குப் போனால் கொஞ்சம் குறையும். இதற்கு ‘காட்சிக் குமட்டல்’ என்று வைக்கலாம். இங்கே வினைத்தொகை இல்லை, ‘க்’ வரும். ஐயா நிம்மதியாகத் தூங்கலாம்.

விலங்கை முழுசாகக் காட்டாத புகாருக்குத் தனிச் சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். மறைத்துக் காட்டுவது பழைய உத்தி, முக்காலியில் வைத்தும் செய்யலாம்.

———

அம்மா,

குலுங்கு, குலுக்கு இரண்டுக்கும் ஒப்புதல். காட்சிக் குமட்டலுக்கும். ‘தாங்கியில்லா’ மட்டும் இழுக்கிறது. ‘தாங்கிலி’ என்று சுருக்கலாமா என்று தம்பியைக் கேளுங்கள், களத்தில் வாயில் நுழைய வேண்டியது அவருக்குத்தான்.

‘ஃபவுண்ட் ஃபூட்டேஜ்’ (யாரோ எடுத்த பதிவு பின்னர் கிடைத்தது போலக் காட்டும் படவகை) பட்டியலில் அடுத்து நிற்கிறது. இந்தப் படமும் பாதுகாப்புத் துறையின் கையில் சிக்கிய பதிவு என்ற அறிவிப்போடுதானே தொடங்குகிறது? ‘கண்டெடுத்த பதிவு’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். பிறர் எடுத்த பழைய படத்துண்டுகளைத் தேடிச் சேர்த்து ஒட்டும் சோதனைப் படங்களுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். அவர்கள் மெய்யாகவே கண்டெடுத்தவர்கள், இவர்கள் கண்டெடுத்ததாகச் சொல்பவர்கள். தனி இழை திறவுங்கள், அங்கே வருகிறேன்.