ஐஸ்லாந்தில் வாடகை கார்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பரில் குடும்பத்துடன் ஐஸ்லாந்து போகிறோம். கெஃப்லாவிக் விமான நிலையத்தில் கார் எடுத்து, தீவைச் சுற்றிவரும் 1ஆம் எண் சாலையை முழுதாகச் சுற்றத் திட்டம். சுமார் 1,320 கி.மீ. வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுப்பது இதுவே முதல் தடவை.

வலப்பக்கமாக ஓட்டுவது பழகிவிடும் என்று நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் கார்தான் கேட்டிருக்கிறேன். வலக்கையால் கியர் மாற்றும் வித்தையெல்லாம் இந்த வயதில் வேண்டாம். என்னைக் குழப்புவது காப்பீடுதான். வழக்கமான சேதக் காப்பீட்டுக்கு மேல் சரளைக்கல்லுக்குத் தனி, மணல், சாம்பல் புயலுக்குத் தனி என்று அடுக்குகிறார்கள். இத்தனையும் வாங்கிய பிறகும், காற்று கதவை மடக்கி உடைத்துவிட்டால் பெரும்பாலும் நம் செலவுதானாம்! தென்கரைப் பக்கம் போனவர்களே, மணல் காப்பீடு உண்மையிலேயே தேவைப்பட்டதா?

‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகளுக்கு நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி கட்டாயம். அங்கே போகும் எண்ணமில்லை. அப்படியானால் சிறிய கார் போதுமா, பெட்டிகளோடு நால்வர் உட்கார முடியுமா?

இன்னொன்று, ஆளில்லாத பெட்ரோல் நிலையங்களில் கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்கும் என்கிறார்கள். இந்திய கிரெடிட் கார்டு அங்கே வேலை செய்ததா? கார் வாடகை நிறுவனம் வைப்புத்தொகையாகக் கார்டில் முடக்கிய பணம் எப்போது விடுபட்டது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.